இண்டிகேட்டர் எரியவில்லையா?

வசூலுக்கும் சரக்கு எடுக்கவும் வணிகர்கள் பலர் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கிறோம். கடைவீதியில் வலப்புறம் திரும்பும்போது, பின்னால் வரும் லாரிக்காரருக்கு அதைத் தெரிவிப்பது இண்டிகேட்டர்தான். அது பழுதானால் உடனே புது ஃப்ளாஷர் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். முதலில் கவனிக்க வேண்டியவை:

1. ஒரு பக்கம் மட்டும் மினுக்கும் வேகம் மாறினால், அப்பக்கம் ஒரு பல்பு போயிருக்கலாம். 10 வாட் இருந்த இடத்தில் 10 வாட்டே போடவும். எல்.இ.டி. பல்பு போட்டால் அதற்கேற்ற ஃப்ளாஷரும் தேவை.

2. ஒரு விளக்கு மட்டும் மங்கினால், ஹோல்டரில் துரு உள்ளதா, எர்த் ஒயர் தளர்ந்துள்ளதா என்று பார்க்கவும். துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம்.

3. இருபக்கமும் மினுக்காமல் எரிந்தால், இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கவும். அப்போது மினுக்கினால் பேட்டரி பலவீனம். இல்லையேல் ஃப்ளாஷரைச் சந்தேகிக்கலாம்.

4. எதுவுமே எரியாவிட்டால் ஹாரனை அழுத்தவும். அதுவும் ஒலிக்காவிட்டால் பியூஸ், பேட்டரியைப் பார்க்கவும். பியூசுக்குப் பதில் வெள்ளித்தாள் சுற்றக்கூடாது, ஒயர் தீப்பற்றிவிடும்.

5. இண்டிகேட்டர்கள் சரியாக இருந்து, நான்கும் ஒருசேர மினுக்கும் ஹசார்டு மட்டும் வேலை செய்யாவிட்டால், கோளாறு பெரும்பாலும் அதன் சுவிட்சில்தான்.

சரிசெய்யும் வரை கை காட்டித் திரும்பவும். சிறு பல்புக்குக் கணக்குப் பார்த்து உயிரை நஷ்டக் கணக்கில் எழுதலாகாது.