முதல் ஓட்டத்துக்கு எந்த டயர்?

கேள்வி: இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் முதன்முறையாக மோட்டார் சைக்கிள் ஓட்டப் போகிறேன். பந்தய டயர் வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: அவசியமில்லை. கோடுகளற்ற பந்தய டயர், மின் உறையால் முன்கூட்டியே சூடேற்றப்பட்டு, அந்த உஷ்ணம் தணியாத வேகத்தில் ஓட்டப்பட்டாலன்றித் தன் பிடிமானத்தைப் பூரணமாகக் காட்டாத சுபாவமுடையதாகையால், 12 வளைவுகள் கொண்ட அத்தளத்தின் போக்கை இனிமேல்தான் பயிலப்போகும் தங்களுக்கு, வண்டிக்குப் பொருந்தும் அளவில், சாலைக்கென்றே செய்யப்பட்ட நல்ல ஸ்போர்ட் டயரே உசிதமானது. தங்கள் ஊர் ஜவ்வாது மலைப்பாதையில் தேய்ந்துபோனதை நம்பிச் செல்லாதீர்கள். வாங்கும்போது பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதலிரண்டு தயாரான வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். நெடுங்காலம் கிடந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும். அத்தகைய சரக்கைத் தள்ளுபடியென்று தலையில் கட்டும் வியாபாரிகளும் உண்டு! புது டயரை ஊர்ச் சாலையில் நிதானமாக ஓட்டி மேல்வழவழப்பைப் போக்கிய பிறகே தளத்துக்குக் கொண்டுசெல்க. ஓட ஓடக் காற்றழுத்தம் உயருமாதலால், தளத்திலிருந்து திரும்பிய உடனே அளந்து, சூடான டயருக்கென்று டயர்க் கம்பெனி விதித்த அளவுக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.