காருக்கு அடியில் கைவைக்கும் திருட்டு

கேள்வி: சிறிய கார்களில் ஸ்டீரியோவையும் சக்கரத்தையும் விட்டுவிட்டுச் சைலன்சரைத் திருடுவது ஏன்? தடுக்க முடியுமா?

பதில்: திருடர்களின் குறி சைலன்சர் குழாய் அன்று; அதனோடு இணைந்த வினையூக்கி மாற்றி, அதாவது எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கருவியே ஆகும். அதன் பீங்கான் கண்ணறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை சில கிராம் அளவே பூசப்பட்டிருப்பினும், 2021-இல் ரோடியத்தின் விலை தங்கத்தின் விலையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்ததால், இந்த உலோகங்கள் கலந்த தூளுக்கே தனிச் சந்தை உருவாயிற்று. இந்தியாவில் மாருதி ஈகோவும், பிரிட்டனில் டொயோட்டா பிரியஸ், ஹோண்டா ஜாஸ் ஆகியவையும் பெரிதும் இலக்காயின. பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில், அதாவது மின்மோட்டாரும் எஞ்சினும் சேர்ந்து இயக்கும் கார்களில், எஞ்சினின் வேலை குறைவாதலால் உலோகப் பூச்சு அதிகம் தேய்வதில்லை.

கதவு திறக்கப்படாமலே அடிப்பகுதி அறுக்கப்படுவதால், சாதாரண அலாரம் பெரும்பாலும் ஒலிப்பதில்லை (திருடர்கள் இதனை நன்கறிவர்). வண்டி சாய்க்கப்படுவதை உணரும் அலாரமே பயன்தரும். மாற்றியை மூடும் எஃகுத் தகடும், போல்ட்டுகளைப் பற்றவைத்து விடுவதும் திருட்டைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுக்கா. கருவியின் மேல் வண்டி எண்ணைப் பொறித்துவைத்தால், களவுப்பொருளை அடையாளம் காண்பது எளிதாகும். எனினும், வாங்குவோரைக் கட்டுப்படுத்துவதே வலுவான வழி எனலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2013-ஆம் ஆண்டின் பழைய உலோக வணிகர் சட்டம், பழைய உலோகத்தை ரொக்கம் கொடுத்து வாங்குவதைத் தடைசெய்துள்ளது.