உடம்பு பழகும், ஆனா நாள் கேட்கும்!



நம் நாட்டு விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25-இல் புறப்பட்டு, சர்வதேச விண்வெளி நிலையத்தில் 18 நாட்கள் தங்கி, ஜூலை 15-இல் பூமிக்குத் திரும்பினார். வந்த பிறகு ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், மிதக்கும் என்று நினைத்து லேப்டாப்பைக் காற்றில் விட்டாராம். அது பொத்தென்று கீழே விழுந்தது! அவருடைய உடம்பு அந்த அளவுக்கு விண்வெளிக்குப் பழகிவிட்டது.

விண்வெளியில் உடம்புக்கு என்ன ஆகும்?

1. இரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறும். முகம் உப்பும், கால் மெலியும்.
2. நிற்க, நடக்க வேலை இல்லாததால் கால் தசை சுருங்கும்.
3. உடம்பைத் தாங்கும் எலும்புகள் மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை தேயும். அதைத் தடுக்க வீரர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். யோகாசனம் உதவுமா என்று 1984-லேயே சல்யூட்-7 நிலையத்தில் செய்து பார்த்தவர் நம் ராகேஷ் சர்மா.

சரி, நம்ம திருப்பூருக்கு வருவோம். இங்கே ராக்கெட் இல்லை. ஆனால் அயர்ன் டேபிளும், சாயப்பட்டறை பாய்லரும் இருக்கின்றன. எங்க அப்பா பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். "சூடு தாங்குதாப்பா?"ன்னு கேட்டால், "பழகிடுச்சு கண்ணு" என்பார். இது வெறும் பேச்சு இல்லை, அறிவியல்!

சூட்டில் தினமும் வேலை செய்தால் 7 முதல் 14 நாட்களில் உடம்பு மாறுகிறது. வியர்வை சீக்கிரமே வரும், அதிகமாக வரும். ஆனால் அதில் உப்பு குறைவாகப் போகும். இரத்தத்தில் நீர் கூடும். அதனால் இதயம் படபடவென்று அடிக்காது.

புதிதாக வருபவருக்கு இந்த மாற்றம் இன்னும் வந்திருக்காது. வேலையிடத்துச் சூட்டால் இறப்பவர்களில் பலர், சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள். ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் பழக்கம் பெரும்பாலும் போய்விடும். அவரும் புது ஆள் மாதிரிதான்.

பிளஸ் டூ முடித்த அண்ணன், அக்காமார் கம்பெனிக்குச் சேருவது வெயில் கொளுத்தும் ஏப்ரல், மே மாதத்தில்தானே? அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்:

★ முதல் நாள் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் போதும். பிறகு தினமும் கொஞ்சம் கூட்டலாம்.
★ தாகம் எடுக்காவிட்டாலும் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கணும்.
★ தலை சுற்றினால் வெட்கப்படாமல் உடனே சொல்லணும்.

விண்வெளி வீரருக்கே பழக நாள் தேவை. நமக்கு மட்டும் வேண்டாமா?

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி