கேமரா இரவில் மட்டும் செத்துப்போனால் சிக்னலைக் குறை சொல்லாதீர்கள்

வைஃபை கேமரா அடிக்கடி ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் உடனே ரூட்டரில் கை வைக்காதீர்கள். எந்த நேரத்தில் போகிறது, எந்த நேரத்தில் திரும்பி வருகிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள். பொழுது சாயும்போது போய், விடிந்ததும் தானாக வந்துவிட்டால், கேமராவுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கேமரா மாட்டிய ஆள் இதை எனக்குச் சொல்லியிருந்தால், என் போர்வெல் மோட்டாரின் காப்பர் கேபிளை அறுத்துக்கொண்டு போனவன் முகமாவது பதிவில் இருந்திருக்கும்.

எங்களுடையது கச்சிராயபாளையம் பக்கத்துக் காட்டுக்கொட்டாய். இதைப் படிக்கிற உங்களுக்கும் அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: வீடு ஊருக்குள் இல்லை, நிலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் ஆலைக்குப் போகிற கரும்பு, ஒரு பக்கம் மரவள்ளி, மேற்கே கல்வராயன் மலை. பிள்ளைகள் வெளியூரில். ராத்திரி ஒரு சத்தம் கேட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போவதற்கு முன் போனில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் கேமரா போட்டேன். “நாய் இருக்கும்போது கேமரா எதுக்கு?” என்று பங்காளி ஒருவர் கேட்டார். நாய் குரைக்கும், வந்தது நரியா ஆளா என்று சொல்லாது. வயதான இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். போட்டது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

மாட்டுக்கொட்டாய் மூலையில் ஒரு கம்பம் நட்டு, போர்வெல்லைப் பார்த்தபடி ஒரு கேமரா. வீட்டுக்குள் இருக்கும் ரூட்டரிலிருந்து இருபது எட்டு வைத்தால் கம்பம் வந்துவிடும். பகலெல்லாம் கண்ணாடி மாதிரி படம். விளக்கு வைக்கிற நேரத்தில் ‘ஆஃப்லைன்’. மாட்டிய ஆளைக் கூப்பிட்டால் மறுநாள் காலையில் வருவார். “நல்லாத்தானே சார் ஓடுது” என்பார். “மலை ஓரம் சார், சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்” என்று அவரே முடித்தும் வைப்பார். அவர் சொல்படி முதலில் பூஸ்டர், அப்புறம் புது ரூட்டர், கடைசியில் இன்னும் விலை கூடின கேமரா என்று செலவு ஏறியது. ஒவ்வொரு தடவையும் பகலில் ஓடும், இரவில் போகும்.

மலை பகலிலும் அங்கேதானே நிற்கிறது? ரூட்டருக்கும் கம்பத்துக்கும் நடுவில் மலை எங்கே வந்தது? வீட்டுக்கு இணையம் வருவது ஃபைபர் ஒயரில். அதை மலை எப்படி மறிக்கும்? இந்த மூன்று கேள்வியையும் நான் கேட்டேன். பதில் வரவில்லை. அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் போர்வெல் மோட்டாரின் கேபிள் திருடு போனது. காவல் நிலையத்தில் முதலில் கேட்டதே கேமராப் பதிவைத்தான். மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தால் மாலை வெளிச்சம் மங்கும் வரை மாடுகள் அசை போடுவது இருக்கிறது. அதற்கப்புறம் சில விநாடித் துண்டுகள், பிறகு ஒன்றுமே இல்லை. விடிந்ததும் மறுபடி மாடுகள்.

அந்தச் சில விநாடித் துண்டுகள்தான் எனக்கு வழி காட்டின. சிக்னல் மட்டும் போயிருந்தால் படம் போனுக்கு வராது. ஆனால் கேமராவுக்குள் இருக்கும் கார்டில் பதிவு ஓடிக்கொண்டேதான் இருக்கும். கார்டிலும் பதிவு அறுந்திருந்தால் கேமராவே அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது. இந்தச் சோதனையை நீங்கள் எல்லாவற்றுக்கும் முன் செய்யுங்கள். கார்டில் படம் இருந்து போனில் இல்லை என்றால் வைஃபை அல்லது இணையக் கோளாறு. இரண்டிலும் இல்லை என்றால் கரண்டைப் பாருங்கள். கார்டு போடாமல் கேமரா வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று வாங்கிப் போடுங்கள்.

கள்ளக்குறிச்சியில் செல்போன் சர்வீஸ் பார்க்கிற தம்பி ஒருவரிடம் யூஎஸ்பி மீட்டர் இரவல் வாங்கி வந்தேன். விரல் நீளம்தான் இருக்கும். சார்ஜர் ஒயருக்கும் கேமராவுக்கும் நடுவில் செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும். ஏணி போட்டு ஏறி, கம்பத்து உச்சியில், ஒயர் கேமராவைத் தொடுகிற இடத்திலேயே செருகினேன். நல்ல வெயில் நேரம். 4.4 வோல்ட், 0.3 ஆம்பியர். பிறகு கேமராவின் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடினேன். கேமரா இருட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டது. உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம், லென்ஸுக்குள் வடிகட்டி நகர்கிற சத்தம். துணி ஓரத்தில் அகச்சிவப்பு விளக்குகளின் மங்கலான சிவப்பு தெரிந்தது. ஆம்பியர் 0.6க்கு ஏறியது, வோல்ட் 3.8க்கு இறங்கியது. கேமரா அணைந்தது. கொஞ்ச நேரத்தில் தானே உயிர்த்தது, மறுபடி ‘டிக்’, மறுபடி அணைந்தது. இத்தனை நாள் இரவு முழுவதும் நடந்ததை நடுப்பகலில் என் கண் முன்னால் பார்த்தேன்.

காரணம், மாட்டிய ஆள் இழுத்துவிட்ட ஐந்து மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன். உள்ளே இருக்கும் கம்பி மிக மெலிது. அப்படிப்பட்ட கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.2 ஓம் தடை. போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர். ஆக 2 ஓம். 0.3 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். 0.6 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் போகும். ஐந்து வோல்ட்டில் 1.2 போனால் மீதி 3.8. மீட்டர் காட்டியதும் அதேதான். 1827இல் ஜார்ஜ் ஓம் புத்தகமாகவே போட்டுவிட்ட கணக்கு இது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்தது. கேமரா மாட்டுவதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர் 1 ஆம்பியர் அடாப்டரை எடுத்துவிட்டு 2 ஆம்பியர் போட்டுப் பார்த்தார். அடாப்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒயரில் விடுகிற வோல்ட் விடத்தான் செய்யும்.

வழி எளிது. யூஎஸ்பி ஒயரை நீட்டாதீர்கள். 230 வோல்ட் லைனை நீட்டுங்கள். எலக்ட்ரீசியனை வைத்து பிவிசி பைப்புக்குள் லைன் இழுத்து, கம்பத்தில் மழை புகாத பெட்டி வைத்து, அடாப்டரை அதற்குள் மாட்டினேன். அடாப்டரிலிருந்து கேமராவுக்கு ஒரு முழம் ஒயர்தான். அன்றிலிருந்து அந்தக் கேமரா இரவில் ஒரு தடவைகூடப் போனதில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் 12 வோல்ட்டில் ஓடுகிற கேமராவாக வாங்குங்கள். அதே வேலைக்கு ஆம்பியர் குறைவு, வழியில் போகிற வோல்ட்டும் குறைவு. அதைவிட நல்லது, நெட்வொர்க் ஒயரிலேயே கரண்டும் போகிற ‘பிஓஇ’ கேமரா. 2003இலேயே வந்துவிட்ட முறை. 48 வோல்ட் அளவில் அனுப்புவதால் நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும். ஒயர் இழுக்க முடிகிற இடத்தில் வைஃபை எதற்கு என்பதுதான் இப்போது என் கட்சி. ஐப்பசி இடி மின்னலுக்கு மட்டும் நல்ல எர்த் போட்டு வையுங்கள்.

வழக்கமாகச் சொல்கிற மற்றவை: பெரும்பாலான கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும், ரூட்டரில் 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். கேமராவுக்கு ரூட்டரில் நிரந்தர ஐபி முகவரி ஒதுக்குங்கள். ஆப்பில் சிக்னல் அளவு மைனஸ் 70க்குக் கீழே போனால் ரூட்டரையோ கேமராவையோ நகர்த்துங்கள். இவை எல்லாம் பத்து நிமிட வேலை.

இன்னொரு கேமராவுக்கு வந்தது வேறு நோய். அது கரும்புக்கு அந்தப் பக்கம், மோட்டார் கொட்டாயில். கரும்பு வெட்டி முடித்த நேரத்தில் மாட்டினோம். வெறும் நிலத்தைத் தாண்டிப் படம் பளிச்சென்று வந்தது. கட்டைக் கரும்பு துளிர்த்து இடுப்பளவு வந்தபோது படம் திக்க ஆரம்பித்தது. ஆள் உயரம் தாண்டியதும் அடியோடு நின்றது. மழை பெய்த நாளில் இன்னும் மோசம். பச்சைத் தோகை முழுக்கத் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் குடித்துவிடும். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்து கரும்பு வெட்டியதும் எதையும் தொடாமலே படம் வந்தது. அதற்கும் “மலை ஓரம்” என்றே சொன்னார்கள்.

அதற்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்று, மோட்டார் கொட்டாயில் இரும்புக் குழாய் நட்டு அதன் உச்சியில் ஒன்று என்று, எதிரெதிரே பார்க்கிற இரண்டு வெளிப்புற ‘பிரிட்ஜ்’ கருவிகள் வைத்தேன். நூறு மீட்டர் தூரத்துக்கு, இரண்டுக்கும் நடுவே பார்வைக் கோடு பயிரின் தலைக்கு மேல் ஐந்தாறு அடி உயரத்தில் போக வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று சொல்வதை நம்பாதீர்கள்; அலை கயிறு மாதிரி மெலிதாகப் போவதில்லை, நடுவில் பருத்துத்தான் போகும். கருவியைப் பயிர் முழு உயரம் வளர்ந்த மாதத்தை மனதில் வைத்து உயர்த்துங்கள்.

மலை உண்மையிலேயே காரணமாக இருக்கிற இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிமலையில் கடை வைத்திருக்கும் என் நண்பருக்கு ஃபைபர் கிடையாது. சிம் போட்ட ரூட்டர். அவருக்கு எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் போகும், ஒரே நேரத்தில் வரும். ஒன்று மட்டும் போனால் அந்தக் கேமராவின் இடத்தையும் ஒயரையும் பாருங்கள்; எல்லாம் சேர்ந்து போனால் ரூட்டரையும் இணையத்தையும் பாருங்கள். அவரிடம் ரூட்டரை டவர் இருக்கும் திசையில் ஜன்னல் ஓரம் வைக்கச் சொன்னேன், கரண்ட் போனால் தாங்க 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் போடச் சொன்னேன். முழு எச்டி கேமரா ஒன்றுக்கு அனுப்பும் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் அளவாவது வேண்டும். அது கிடைக்காததால் படத்தின் தரத்தை ஒரு படி குறைத்தோம். இப்போது தாங்குகிறது. அவர் நோட்டில் எழுதிக்கொண்டு வந்த நேரங்களைப் பார்த்துத்தான் இத்தனையும் கண்டுபிடித்தோம்.

கடைசியாக, மாட்ட வருகிற ஆளிடம் கேட்க வேண்டியவை மூன்று. கேமரா முனையில் எத்தனை வோல்ட் நிற்கிறது, மீட்டர் வைத்துக் காட்டுங்கள். கேமராவைத் துணியால் மூடி, இரவு விளக்கு எரியும்போது எத்தனை நிற்கிறது, அதையும் காட்டுங்கள். பயிர் வளர்ந்த பிறகும் படம் வருமா, உயரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் இருட்டிய பிறகு அரை மணி நேரம் அவரை வீட்டிலேயே உட்கார வைத்து, அவர் கண் முன்னால் ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் மலையைக் கை காட்டுகிற ஆளிடம் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.