வெட்டப்பட்ட காணொலி

2018ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகேயுள்ள அத்திமூர்ப் பகுதியில், குலதெய்வ வழிபாட்டிற்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்ற ஐயத்தால் ஊரார் தாக்கி உயிரிழந்தார். வழியில் கண்ட குழந்தைகளுக்கு அன்போடு இனிப்புக் கொடுத்ததே ஐயத்திற்குக் காரணமாயிற்று. அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் மகாராட்டிர மாநிலத் துளே மாவட்டச் சிற்றூரொன்றில் ஐவர் அவ்வாறே மாண்டனர்.

அந்நாளில் புலனக் குழுக்களில் உலவிய காணொலி ஒன்றில், ஈருருளியில் வந்த இருவர் தெருவில் விளையாடிய சிறுவனைத் தூக்கிச் செல்வர். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பிற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். இறுதியில் சிறுவன் திரும்பக் கொண்டுவந்து விடப்படுவான். அப்பகுதியை யாரோ வெட்டிவிட்டனர்.

வெட்டியவர் ஒருவரால் மட்டும் ஊர் கொதித்தெழுந்துவிடாது. கராச்சித் தெருவை நம் தெருவாக்க வேறொருவர் வேண்டும். ‘நேற்றுப் பக்கத்து ஊரில் நடந்தது’ என்று தம் குரலைப் பதிந்து சேர்ப்பவர் அவர். பொய்க்கு ஊரும் நாளும் கொடுப்பவர் அவரே. ஆயினும் பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. அடுத்து வருவோர் தாய்மாரும் தாத்தாக்களும். ‘பொய்யாக இருந்தால் கேடில்லை, மெய்யாக இருந்தால் ஒரு பிள்ளை பிழைக்கும்’ என்பது அவர்தம் கணக்கு. வஞ்சகமில்லாத இக்கணக்கே பொய்யை மிக விரைவாக வீடுதோறும் சேர்க்கிறது. ஏனெனில், பெறுபவர் காண்பது வெட்டியவரின் முகத்தையன்று. தம் அத்தையின் பெயரை. இதற்கு ஆசிரியர்களும் விலக்கல்லர்.

2018 ஜூலையில் அந்நிறுவனம் ‘முன்னனுப்பப்பட்டது’ என்னும் குறியைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதபடி வரம்பிட்டது. 2019இல் அவ்வரம்பு உலகெங்கும் விரிந்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு 2020 ஏப்ரலில் ஒன்றென வரம்பு சுருங்கியது. இவை வேகத்தைக் குறைப்பன. ஆனால், காணொலியைச் சேமித்துத் தம் குரலோடு புதிதாக ஏற்றுபவரை இக்குறி தொடுவதில்லை. செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவதால், அவற்றை நிறுவனமும் படிக்கவியலாது.

எஞ்சியிருப்போர் வாய்பேசாதவர். பொய்யென அறிந்தும், மாமாவைச் சுற்றத்தார் முன்னிலையில் எவ்வாறு திருத்துவது என்று கூசி நகர்ந்துவிடுவர். அவருள் சிலர் முழுப்படத்தைத் தேடியெடுத்து மாமாவுக்கு மட்டும் தனியே அனுப்புவதுண்டு. அதைக் கண்ட மாமா, ‘காலையில் அனுப்பியது தவறு, யாரும் பகிர வேண்டா’ என்று குழுவில் தாமே எழுதுவார். அச்சொல்லைக் குழுவினர் கேட்பர்.