எல்லைக் காவல்

ஐரோப்பாக் கண்டத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக் கருங்கடலிற் கலக்கும் பேராறு டான்யூப். அது நெடுங்காலம் உரோமப் பேரரசின் வட எல்லையாக விளங்கிற்று. கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஜஸ்டினியன் (527–565), அவ்வாற்றங்கரையில் சிதைந்து கிடந்த கோட்டைகளைப் புதுப்பித்தார். புதியன பலவும் எழுப்பினார். ஆயினும், அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் நிறையுமுன் அவ்வெல்லையின் காவல் குலையத் தொடங்கியது. மதில்கள் நின்றிருக்கவும் காவல் குலைந்தது ஏன்?

ஆற்றின் வடக்கே வாழ்ந்த ஸ்லாவியர், காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் சிற்றூர்கள் அமைத்துப் பயிர் செய்தவர். அவருட் சிலர் சிறு கூட்டமாக ஆற்றைக் கடந்து சூறையாடினர். பின்னர், கீழ்த்திசைப் புல்வெளிகளிலிருந்து அவார் என்னும் குதிரை வீரர் வந்தனர். அவர்தம் மன்னன் ககான் எனப்பட்டான். 568-ஆம் ஆண்டளவில் இன்றைய ஹங்கேரிச் சமவெளியில் குடியேறிய அவர்கள், ஸ்லாவியருள் பலரைத் தம் ஆணைக்குக் கீழ்ப்படுத்தினர். அக்காலத்துப் பேரரசின் சிறந்த படைகள் கிழக்கே பாரசீகரோடு பொருதுகொண்டிருந்தன. ஆதலின், ஆண்டுதோறும் 80,000 பொற்காசுகளைக் ககானுக்குக் கொடுத்து உரோமர் அமைதியை விலைக்கு வாங்கினர்.

அவ்வமைதி நிலைக்கவில்லை. பாயன் என்னும் ககான், சாவா ஆற்றங்கரையிலிருந்த சிர்மியம் நகரை முற்றுகையிட்டான். ஆற்றின்மேற் பாலங்கள் அமைத்து, உணவும் துணைப்படையும் வாராதபடி தடுத்தான். நகரத்தார் பசியால் வாடினர். அவருள் ஒருவர், ஓர் ஓட்டின்மீது கிரேக்க மொழியில் ஒரு வேண்டுதலைக் கீறினார். நகரைக் காத்து, அவாரைத் தடுத்து, உரோம நாட்டையும் தம்மையும் காக்குமாறு இறைவனை அவர் இறைஞ்சினார். தம் பெயரை அவர் பொறிக்கவில்லை. அவ்வோடு பிற்காலத்தில் அந்நகரிலேயே கிடைத்தது. 582-இல் சிர்மியம் ககானிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் உடைமைகளை இழந்து, உயிரை மட்டும் காத்துக்கொண்டு வெளியேறினர்.

அவ்வாண்டே மௌரிஸ் அரியணை ஏறினார். 591-இல் பாரசீகரோடு அமைதி ஏற்பட்டபின், படைகளை டான்யூப் கரைக்குக் கொணர்ந்தார். அவர் பெயரால் வழங்கும் போர்நூல் ஒன்று, ஸ்லாவியரைக் குளிர்காலத்தில் தாக்குதல் நன்று என்கிறது. இலையுதிர்ந்த காட்டில் அவர் ஒளிதல் அரிது. உறைந்த ஆற்றைப் படை கடத்தல் எளிது. பிரிஸ்கஸ் முதலிய தளபதிகள் ஆற்றைக் கடந்து சென்று வெற்றிகள் பல பெற்றனர்.

ஆனால், கருவூலம் வறண்டிருந்தது. வீரர்தம் ஊதியத்தைக் குறைக்க மௌரிஸ் முன்னரே முற்பட்டு அவர்தம் வெறுப்பைத் தேடிக்கொண்டார். 602-இல், குளிர்காலத்தை ஆற்றின் வடகரையிலேயே கழிக்குமாறு அவர் ஆணையிட்டார். கடுங்குளிருக்கும் பகைவருக்கும் அஞ்சிய வீரர் மறுத்தனர், அரசர் இணங்கவில்லை. கலகம் மூண்டது. போக்கஸ் என்பவனைத் தலைவனாக்கிக்கொண்டு, எல்லையைக் காக்க வேண்டிய படை தலைநகரை நோக்கி நடந்தது. மௌரிஸும் அவர்தம் மைந்தரும் கொல்லப்பட்டனர்.

உள்நாட்டுக் கலகமும் மீண்டும் மூண்ட பாரசீகப் போரும் பேரரசின் வலிமையைக் குன்றச் செய்தன. ஸ்லாவியர் ஆற்றின் தெற்கே பரவிக் குடியேறினர். 626-இல் அவாரும் ஸ்லாவியரும் கான்ஸ்டாண்டிநோபிளையே முற்றுகையிட்டனர். உறுதியான மதிலும் கப்பற்படையும் தலைநகரைக் காத்தன. ஆனால் இழந்த டான்யூப் எல்லையை அவை மீட்டுத் தரவில்லை.

மௌரிஸ் போர்முறை அறியாதவரல்லர்; தம் வீரரின் மனம் அறியாதவர். நாட்டை மதில் காக்கும். மதிலை வீரர் காப்பர். அவ்வீரரைக் காத்தல் அரசின் கடன்.