மட்டாஞ்சேரியில் ரிக்கார்டு வேட்டை

போர்ட் கொச்சியில் பழைய இசைத்தட்டு தேடுபவர்கள் பாட்டுக்கடைப் பலகையைத் தேடி அலைய வேண்டாம். நேராக மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போங்கள். 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தை ஒட்டிய பழம்பொருள் கடைகளில், உருளிகளுக்கும் மரப்பெட்டிகளுக்கும் நடுவே தட்டுகள் கிடக்கக்கூடும். கடைக்காரரிடம் கொச்சிப் பாடகர் மெஹபூப்பின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர் இந்த மண்ணின் குரல், பேச்சு தானாக வளரும்.

உறையின் அழகைப் பார்த்து விலை பேசாதீர்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறலும் மயிரிழை விரிசலும் பாருங்கள். முடிந்தால் ஓடவிட்டுக் கேளுங்கள்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. கீழே விழுந்தால் உடையும், ஸ்பிரிட் பட்டால் கரையும். எல்.பி. (நீண்டநேரத் தட்டு) ஊசி அவற்றுக்கு ஒத்துவராது; ஊசி ஓடும் காடி அகலம், ஊசிமுனையும் அகலமாக வேண்டும். எந்த வகைத் தட்டு என்று கேட்காமல் வாங்கிவந்து வருந்துபவர்கள் நிறைய.

காயல் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். எல்.பி. என்றால் துளி சோப்பு கலந்த நீரில் மென்துணி நனைத்து, காடி ஓடும் திசையிலேயே துடையுங்கள். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக் கூடாது. நன்றாக உலர்ந்தபின் நிமிர்த்தி அடுக்குங்கள். படுக்கவைத்து அடுக்கினால் பாரத்தில் வளையும்.